சிக்குன்குனியா: மருந்துக்கடையில் என்னிடம் கேட்ட கேள்விகள்

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில், சேந்த்-ஆந்த்ரே ஊரில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். பிறந்தது புதுச்சேரி. கல்யாணமாகி 2004-ல் இங்கே வந்தேன். மறுவருஷமே சிக்குன்குனியாவும் வந்து சேர்ந்தது. 2025-ல் அது திரும்பி வந்தபோது கடையில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். புதுச்சேரி, காரைக்கால் பெரியவர்கள் எவ்வளவு நேரமானாலும் என் முன்னால்தான் நிற்பார்கள். மொரிஷியஸ் சொந்தங்கள் போனில் பிடித்துக்கொள்வார்கள். ஒரே கேள்விக்கு நூறு தரம் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதால் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, மருந்து எடுத்துக் கொடுப்பவள். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

பேரே விசித்திரமாக இருக்கிறதே, எந்த மொழி?

மகொண்டே மொழி. 1952-ல் இன்றைய தான்சானியாவின் தெற்கே, மகொண்டே பீடபூமியில் இந்தக் காய்ச்சல் பரவியது. நோயாளி மூட்டு வலியில் வளைந்து மடங்கி நடப்பதைப் பார்த்து அந்த மக்கள் வைத்த பெயர். சிக்கனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கோழிக்கறி சாப்பிடலாமா என்று இன்னும் கேட்கிறார்கள், தாராளமாகச் சாப்பிடுங்கள்.

எனக்கு 2006-லேயே வந்துவிட்டது. திரும்ப வருமா?

பெரும்பாலும் வராது. ஒரு தரம் வந்தால் உடம்பில் உருவாகும் எதிர்ப்பு சக்தி பல வருஷம் நிற்கிறது. ஆனால் “எனக்கு 2006-ல் வந்தது” என்று சொல்கிற எல்லாருக்கும் அப்போது வந்தது சிக்குன்குனியாதானா என்பது வேறு விஷயம். அந்த வருஷம் தலைவலித்தால்கூட சிக்குன்குனியா என்றுதான் சொன்னோம். சந்தேகமிருந்தால் ரத்தத்தில் பழைய எதிர்ப்பணு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2006 முடிவில் தீவு முழுக்க ரத்தம் எடுத்துப் பார்த்த ஆய்வில், 100-க்கு 38 பேருக்குத்தான் தொற்று வந்திருந்தது தெரிந்தது. மீதி 62 பேர் தப்பித்தவர்கள். அதற்குப் பிறகு 19 வருஷமாகப் பிறந்த பிள்ளைகளையும், வெளியிலிருந்து குடிவந்தவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்டில், பத்து வருஷ இடைவெளிக்குப் பிறகு, தீவுக்குள்ளேயே தொற்றிய முதல் நோயாளி கண்டுபிடிக்கப்பட்டபோது, வைரஸுக்கு வேண்டிய ஆள்பலம் இங்கே தயாராக இருந்தது. 2025 ஏப்ரல் நடுவில் உச்சம். அந்த வருஷம் பரிசோதனையில் உறுதியானவர்கள் மட்டும் 54,000-க்கு மேல்.

2006-ல் அப்படி என்னதான் நடந்தது? ஒரே நாளில் தெருவே படுத்துவிட்டதே!

படுத்தது உண்மை. அப்போது தீவின் ஜனத்தொகை ஏழே முக்கால் லட்சம். 2,66,000 பேருக்கு நோய். மூன்றில் ஒருவர். பிப்ரவரி தொடக்கத்தில் ஒரே வாரத்தில் 40,000-க்கு மேல். அதுவரைக்கும் மருத்துவப் புத்தகங்கள் இதை “உயிருக்கு ஆபத்தில்லாத காய்ச்சல்” என்றே எழுதிவந்தன. இங்கே 200-க்கும் அதிகமான இறப்புச் சான்றிதழ்களில் அதன் பெயர் ஏறிய பிறகு அந்த வரியைத் திருத்த வேண்டியதாயிற்று.

காரணம் தேடியவர்களுக்கு ஒரு அதிசயம் கிடைத்தது. சிக்குன்குனியாவை வழக்கமாகச் சுமப்பது ஏடிஸ் எஜிப்தி என்ற கொசு. அது ரீயூனியனில் அபூர்வம். இங்கே வீட்டுக்கு வீடு இருப்பது அதன் பங்காளியான ஏடிஸ் அல்போபிக்டஸ், கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட புலிக்கொசு. அது இந்த வைரஸை அவ்வளவு திறமையாகக் கடத்தாது என்றுதான் நினைத்திருந்தார்கள். கொள்ளைநோய் நடந்துகொண்டிருக்கும்போதே வைரஸின் மரபணுவைப் படித்தபோது, அதன் மேலுறைப் புரதம் ஒன்றில் 226-ஆவது இடத்தில் அலனின் இருந்த இடத்தில் வாலின் வந்து உட்கார்ந்திருந்தது. புரதம் என்ற சுவரில் ஒரே ஒரு செங்கல், அதாவது ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது, அவ்வளவுதான். 2007-ல் வந்த சோதனைக்கூட ஆய்வு சொன்னது: இந்த மாற்றம் உள்ள வைரஸ் புலிக்கொசுவின் குடலில் குடியேற, முன்பு தேவைப்பட்டதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு போதும். கடித்து ரத்தம் குடித்த இரண்டாம் நாளே கொசுவின் எச்சிலில் வைரஸ் வந்துவிடுகிறது என்று இன்னொரு ஆய்வு காட்டியது. ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்து, அந்த வாரத்துக்குள் வீடே படுத்ததன் கதை இதுதான்.

கேரளத்திலும் 2007-ல் இதே மாற்றம் தானாகவே தோன்றியது. ரப்பர் தோட்டங்களில், பால் வடிக்கக் கட்டிய சிரட்டைகளில் மழைநீர் நின்று புலிக்கொசு பெருகியிருந்த இடம் அது. ஒரே எழுத்துப்பிழையை இரண்டு பிள்ளைகள் தனித்தனியாகச் செய்த மாதிரி. 2025-ல் இங்கே பரவிய வைரஸிலும் அந்த 226-ஆவது மாற்றம் இருந்தது.

டெங்குவா, சிக்குன்குனியாவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டில் உட்கார்ந்துகொண்டு கண்டுபிடிக்க முடியாது. திடீர்க் காய்ச்சலும், கை, மணிக்கட்டு, கணுக்கால் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் பிடித்துக்கொள்வதும் சிக்குன்குனியாவின் பக்கம் சாயும். கண்ணுக்குப் பின்னால் வலி, ஈறில் ரத்தம், கடுமையான வயிற்றுவலி என்றால் டெங்குவை நினைக்க வேண்டும். உடனே டாக்டரிடம் போக வேண்டும். காய்ச்சல் வந்த முதல் ஐந்தாறு நாளில் பி.சி.ஆர். சோதனை வைரஸையே பிடிக்கும். அதற்குப் பிறகு போனால் எதிர்ப்பணு சோதனைதான். எந்தத் தேதியில் காய்ச்சல் ஆரம்பித்தது என்பதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். எல்லாரும் “நாலஞ்சு நாளாச்சு” என்றுதான் சொல்கிறார்கள். ஒன்றிரண்டு நாள் வித்தியாசத்தில்தான் எந்தச் சோதனை என்பதே மாறுகிறது.

என்ன மாத்திரை போடலாம்?

பரசிட்டமால். வைரஸைக் கொல்லும் மருந்து இதுவரை கிடையாது.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே டோலோ 650 போட்டுப் பழகியிருப்பீர்கள், வலி அதிகமென்றால் இரண்டாகப் போடுவீர்கள். இங்கே நாங்கள் தரும் தோலிப்ரான், அதுவும் பரசிட்டமால்தான், அந்தப் பெட்டியில் 1,000 என்று போட்டிருந்தால் ஒரு மாத்திரையே ஒரு கிராம். இரண்டு போட்டால் இரண்டு கிராம் ஒரே வாயில். டாக்டரைக் கேட்காமல் ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஆறு மணி நேரமாவது விடுங்கள். ஈரலில் கோளாறு உள்ளவர்களும், மெலிந்த பெரியவர்களும் அதற்கும் குறைவாகத்தான் போட வேண்டும், கேட்டுவிட்டுப் போடுங்கள்.

டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் தொடாதீர்கள், ரத்தக்கசிவு ஆபத்து. இதயத்துக்காக டாக்டர் எழுதிக் கொடுத்துத் தினமும் ஆஸ்பிரின் போடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தாமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். யாரோ கொடுத்த கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தையும் ஆரம்பத்தில் போடாதீர்கள். இரண்டு நாள் பறந்து திரிவீர்கள், விட்டதும் வலி வட்டியோடு திரும்பும்.

மலேரியா மாத்திரையான குளோரோகுயின் கேட்டு வருகிறவர்களுக்காக: 2006-ல் இந்தத் தீவிலேயே அதைச் சோதித்தார்கள். சோதனைக்குழாயில் வைரஸைத் தடுத்த மருந்து, மனிதரிடம் பயன் தரவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் 200 நாள் கழித்துப் பார்த்தபோது குளோரோகுயின் எடுத்தவர்களிடம்தான் மூட்டுவலி புகார் அதிகம். 2020-ல் கொரோனாவுக்கு உலகமே அந்த மாத்திரைக்கு அலைந்தபோது, எங்கள் கடையின் பழைய ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நிலவேம்புக் கஷாயம்? பப்பாளி இலை? இங்கத்து தழை?

கஷாயம் குடிப்பதை நான் தடுப்பதில்லை. என் மாமியார் குடித்தார். அதைக் குடித்தால் தொற்றாது என்று நம்பிக் கொல்லையைக் கவனிக்காமல் விடுவதும், பரசிட்டமாலை நிறுத்துவதும்தான் தப்பு. பப்பாளி இலைச் சாறை டெங்குவில் தட்டணு குறைவதற்காகக் குடிக்கிறார்கள். சிக்குன்குனியாவின் தொல்லை மூட்டில். இங்கத்து ஐயாபானா தழை வயிற்றுக்கு நல்லது, 2013-ல் பிரான்சின் அதிகாரபூர்வ மருந்து நூலிலேயே ஏறியது, ஆனால் சிக்குன்குனியாவுக்காக ஏறவில்லை. சர்க்கரை, ரத்தம் உறைதல், ரத்த அழுத்தம் இவற்றுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் எந்தத் தழையானாலும் கடையில் சொல்லிவிட்டுக் குடியுங்கள்.

காய்ச்சல் போய் மூன்று மாதம் ஆகிறது. கை இன்னும் மடங்கவில்லை. சும்மா நினைப்பா?

நினைப்பு இல்லை பெரியம்மா. போன வருஷம் ஒரு அம்மா, எழுபது இருக்கும், மாத்திரை அட்டையை என்னிடம் திருப்பிக் கொடுத்து, “நீயே பிதுக்கிக் கொடு” என்றார். கட்டைவிரலால் அந்த மெல்லிய தகட்டை அழுத்தக்கூட அவருக்கு வலு இல்லை. பத்து மாத்திரையையும் பிதுக்கி, மூடி திருகாத ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். பிள்ளைகள் இல்லாத வீடு என்று கேட்டுக்கொண்டுதான்.

இந்த வலியைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததில் பெரும் பங்கு இந்தத் தீவின் நோயாளிகளிடமிருந்து கற்றது. கொள்ளைநோய் முடிந்து சராசரியாக இரண்டு வருஷம் கழித்துத் தொலைபேசியில் விசாரித்தார்கள். தொற்று வந்தவர்களில் 100-க்கு 43 பேர் மூட்டு, தசை வலி இருப்பதாகச் சொன்னார்கள். தொற்றாதவர்களில் 17 பேர். வயது 45-ஐத் தாண்டியவர்கள், ஆரம்பத்திலேயே வலி கடுமையாக இருந்தவர்கள், முன்பே மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள், இவர்களுக்குத்தான் நீள்கிறது. ஒரு நோயாளியிடம், பதினெட்டு மாதம் ஆகியும், மூட்டின் உள்சவ்வில் வைரஸின் மரபுப்பொருள் கிடந்ததை இங்கத்து ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்டார்கள். ரத்தத்தில் ஒன்றுமில்லை, மூட்டுக்குள் மிச்சம். அந்த மிச்சத்தைப் பார்த்து உடம்பின் காவல்படை விடாமல் சண்டை போடுவதுதான் வலிக்குக் காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறார்கள்.

மூன்று மாதம் தாண்டியும் காலையில் எழுந்தால் விரல் அரைமணிக்கு மேல் விறைப்பாக இருக்கிறது, மூட்டு வீங்குகிறது என்றால் மூட்டுவாத நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் குடும்ப டாக்டரிடம் கேளுங்கள். சிலருக்கு உள்ளே ஒளிந்திருந்த முடக்குவாதம் இந்தச் சாக்கில் வெளியே வருகிறது. அதற்கு மெத்தோட்ரெக்சேட் போன்ற வேறு மருந்துகள் உண்டு. மற்றவர்களுக்கு இயன்முறைப் பயிற்சி. ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டால் மூட்டு இன்னும் இறுகும்.

வீட்டில் ஒருவருக்கு வந்தால் தட்டு, டம்ளர் பிரிக்க வேண்டுமா?

வேண்டாம், தொட்டால் ஒட்டாது. பிரிக்க வேண்டியது கொசுவை. காய்ச்சல் வந்த முதல் வாரம் நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் ஏராளம். அவரைக் கடித்த கொசுதான் அடுத்து உங்களைக் கடிக்கும். ஆகவே கொசுவலை நோயாளிக்கு. எல்லாரும் தலைகீழாகச் செய்கிறார்கள்: குழந்தைக்கு வலை, காய்ச்சல்காரர் வராந்தாவில் சட்டையில்லாமல் படுக்கை.

மருமகள் நிறைமாதம். பயப்பட வேண்டுமா?

பிரசவத்துக்கு முந்தைய சில நாள்தான் பயம். கர்ப்பத்தின் மற்ற மாதங்களில் வந்தால் பெரும்பாலும் குழந்தைக்குப் போவதில்லை. ஆனால் பிரசவ வேளையில் தாயின் ரத்தத்தில் வைரஸ் இருந்தால் பாதிக்குப் பாதி. 2006-ல் இங்கே அப்படி இருந்த 39 தாய்மாரில் 19 பேரின் குழந்தைகளுக்குத் தொற்றியது, சிசேரியனும் தடுக்கவில்லை. குழந்தை பிறக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். மூன்றிலிருந்து ஏழு நாளைக்குள் பால் குடிக்காமல், தொட்டால் வீறிட்டு, காய்ச்சலோடு துவளும். சிலருக்கு மூளை வரை போகிறது. நிறைமாதத்தில் காய்ச்சல் என்றால் அன்றைக்கே மகப்பேறு பிரிவுக்குப் போங்கள், “நாளைக்குப் பார்க்கலாம்” வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை.

தடுப்பூசி வந்தது, நிறுத்தினார்கள், மறுபடி அனுமதித்தார்கள் என்கிறார்கள். எதை நம்புவது?

2025-ல் என்னை அதிகம் திணறடித்த கேள்வி. முதலிலிருந்து சொல்கிறேன்.

2006-ல் ரீயூனியனிலிருந்து பிரான்சுக்குத் திரும்பிய ஒரு நோயாளியின் ரத்தத்திலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்து வைத்தார்கள். அதன் பெயரிலேயே எங்கள் தீவின் முதலெழுத்தும் அந்த வருஷமும் இருக்கிறது. அதன் மரபணுவில் ஒரு துண்டை வெட்டி, பெருகும் திறனைக் குறைத்து நலியவைத்து வல்நேவா என்ற நிறுவனம் செய்ததுதான் இக்ஸ்சிக் தடுப்பூசி. உயிருள்ள, ஆனால் பலவீனப்படுத்திய வைரஸ். 2023 நவம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. சிக்குன்குனியாவுக்கு உலகின் முதல் தடுப்பூசி. அமெரிக்காவில் 4,100-க்கும் அதிகமான ஆரோக்கியமானவர்களிடம் சோதித்திருந்தார்கள். ஒரே ஊசியில் 100-க்கு 98 பேருக்கு மேல் போதுமான எதிர்ப்பணு உருவானது. ஆனால் அங்கே சிக்குன்குனியா புழக்கத்தில் இல்லை. நோய் வராமல் தடுத்ததா என்பதை நேரில் பார்க்காமல், எதிர்ப்பணு அளவை வைத்துத்தான் அனுமதி. 65 தாண்டியவர்கள் அந்தச் சோதனையில் சிறுபான்மை.

இந்த ஊசி 2025 ஏப்ரல் 7-ல், தான் பிறந்த தீவுக்கே திரும்பி வந்தது. நோயால் இறப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்கள் என்பதால் முதல் வரிசை, வேறு வியாதியும் உள்ள 65 தாண்டியவர்களுக்கு. ஏப்ரல் கடைசியில் அந்த வயதுக்காரர்களில் மூன்று பேருக்குக் கடுமையான பாதிப்பு, ஒருவர் இறந்தார். பிரான்சின் உயர் சுகாதார ஆணையம் 65 வயதுக்கு மேல் போடுவதை உடனே நிறுத்தியது. மே மாதம் ஐரோப்பிய மருந்து முகமையும் நிறுத்தி ஆராய்ந்தது. ஜூலையில் வயதுத் தடையை நீக்கி, தொற்று ஆபத்து உண்மையிலேயே பெரிதாக இருந்தால், ஒவ்வொருவருக்கும் யோசித்துத்தான் போட வேண்டும் என்றது. ஆகஸ்டில் அமெரிக்கா உரிமத்தையே நிறுத்திவைத்தது. ஒரே தகவலை வைத்துக்கொண்டு இரண்டு முடிவு. அமெரிக்காவில் ஊசி போடுகிறவர் பெரும்பாலும் சுற்றுலாப் பயணி, அவருக்கு நோய் வரும் வாய்ப்பே குறைவு; கொள்ளைநோய்க்கு நடுவில் இருக்கும் எங்களுக்குத் தராசு வேறு. அதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

என் வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். யாருக்கு மிகவும் தேவையோ அவர்களிடம் குறைவாகச் சோதித்த உயிருள்ள ஊசியை, அவர்களுக்கே முதலில் கொடுத்தோம். ஏப்ரல் முதல் வாரத்தில் “போட்டுக்கொள்ளுங்கள் மாமா” என்று நானும் இரண்டு பேரிடம் சொன்னேன். இருவரும் நன்றாக இருக்கிறார்கள். கடை வாசலில் அவர்களைப் பார்க்கும்வரை இரண்டு வாரம் எனக்குத் தூக்கம் சரியில்லை.

இன்னொரு தடுப்பூசி, விம்குன்யா. 2025 பிப்ரவரியில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அனுமதித்தன. இதில் உயிருள்ள வைரஸ் கிடையாது, வைரஸின் வெற்றுக்கூடு மட்டும். 12 வயதிலிருந்து போடலாம். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் உயிருள்ள இக்ஸ்சிக்கைப் போடவே கூடாது, அவர்கள் டாக்டரிடம் விம்குன்யாவைப் பற்றிக் கேட்கலாம். 2006-ல் உறுதியாக நோய் வந்தவர்களுக்கு இரண்டுமே பெரிதாகத் தேவைப்படாது.

வீட்டைக் கழுவித்தான் வைத்திருக்கிறோம். கொசு எங்கிருந்து வருகிறது?

உங்கள் துளசி மாடத்திலிருந்து. தொட்டிக்கு அடியில் வைத்த தட்டைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீரில் அரிசிமுனை அளவுக்குக் கருப்பாக நெளிவது தெரியும். நான் என் வீட்டிலேயே பார்த்து வெட்கப்பட்டேன்.

புலிக்கொசு சாக்கடையைத் தேடுவதில்லை, சின்னச் சின்ன நல்ல தண்ணீரைத் தேடும். ஆயுளெல்லாம் நூறு இருநூறு மீட்டருக்குள் பறந்து முடித்துவிடும், ஆக உங்களைக் கடிப்பது உங்கள் கொசு, தப்பினால் பக்கத்து வீட்டுக் கொசு. பகலில், முக்கியமாகக் காலையும் மாலையும் கடிக்கும். ராத்திரிச் சுருள் கொளுத்தி வைத்து நிம்மதியாக இருப்பதில் அர்த்தமில்லை. முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடி காத்திருக்கும், அடுத்த மழைக்குப் பொரியும். அதனால் வாரம் ஒரு தரம் கொட்டுவதோடு, நார் வைத்துத் தேய்க்கவும் வேண்டும். தட்டில் மணலை நிரப்பிவிட்டால் வேலை மிச்சம்.

கோயில்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 2025-ல் தைப்பூசம் பிப்ரவரி 11, நல்ல மழைக்காலம், நோய் ஏறிக்கொண்டிருந்த நேரம். அந்த மாதம் 28-ல் கரன்ஸ் புயல் வேறு அடித்தது. கோயில் பின்பக்கம் உடைத்துப் போட்ட தேங்காய் மூடிகளை எண்ணிப் பாருங்கள். கேரளத்து ரப்பர் சிரட்டைக்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை. கவிழ்த்துப் போட்டால்கூடப் போதும், அன்றைக்கே அள்ளினால் இன்னும் நல்லது. காவடி எடுக்கிறவர்கள் சட்டையில்லாமல் காலையிலிருந்து நிற்கிறார்கள். அலகு குத்தாத இடங்களில் கொசு விரட்டித் தைலம் தடவுவதால் விரதம் கெட்டுவிடாது என்று எங்கள் பூசாரி ஐயாவே சொன்னார்.

நம் தீவின் சேந்த்-மரி ஊரில் கொசுவை வளர்த்து வெளியே விடுகிறார்களாமே! யாருக்குப் பைத்தியம்?

விடுவது ஆண்கொசு. ஆண் கடிக்காது, பூந்தேன் குடித்து வாழும். சோதனைக்கூடத்தில் வளர்த்து, கதிர்வீச்சால் மலடாக்கி விடுகிறார்கள். பெண்கொசு பொதுவாக வாழ்நாளில் ஒரு தரம்தான் சேரும். மலட்டு ஆணோடு சேர்ந்தால் அதன் முட்டை பொரியாது. 2021-ல் சேந்த்-மரியின் துபார்க் பகுதியில் பிரான்சின் வளர்ச்சி ஆய்வு நிறுவனம் இதைத் தொடங்கியது. மொரிஷியஸில் பஞ்சவடி கிராமத்திலும் இதே முறையைச் சோதித்தார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து ஏற்கெனவே சேர்ந்த பெண்கொசு பறந்து வந்தால் பலன் கெடும், வாராவாரம் விட வேண்டும், செலவும் அதிகம். ஆனாலும் மருந்துப் புகைக்குக் கொசு பழகிப்போன ஊரில் இதை நான் பைத்தியம் என்று சொல்ல மாட்டேன்.

பேரன் லீவுக்குப் புதுச்சேரி போகிறான். இங்கிருந்து கொண்டுபோய் விடுவானா?

விடலாம். 2005-06-ல் இந்தியப் பெருங்கடல் தீவுகள் படுத்த அதே நேரத்தில் இந்தியாவிலும் 13 லட்சம் பேருக்கு மேல் சந்தேக நோயாளிகள். 2025-ல் மொரிஷியஸில் உள்ளூர்ப் பரவல், பிரான்சின் நிலப்பகுதியில் கோடையில் நூற்றுக்கணக்கானோர், சீனாவின் ஃபோஷான் நகரில் ஆயிரக்கணக்கானோர். புலிக்கொசு இருக்கிற எந்த ஊருக்கும் இந்த வைரஸ் விமானத்தில் போய்ச் சேரும்.

கடி வாங்கி நான்கிலிருந்து ஏழு நாளில்தான் பொதுவாகக் காய்ச்சல் வரும், சிலருக்குப் பன்னிரண்டு நாள்கூட ஆகும். பேரன் ஏறும்போது நன்றாக இருந்து, அங்கே இறங்கிய பிறகு படுக்கலாம். அதனால் போய் இறங்கியதும் இரண்டு வாரம் கொசு விரட்டி தடவட்டும். வெயில் தைலம் முதலில், இருபது நிமிஷம் கழித்து இது. காய்ச்சல் வந்தால் அங்கத்து டாக்டரிடம் முதல் வார்த்தையாக “ரீயூனியனிலிருந்து வருகிறேன்” என்று சொல்லச் சொல்லுங்கள். தோலிப்ரான் பெட்டியை இங்கிருந்து எடுத்துப் போனால், அது ஒரு கிராம் மாத்திரை என்று பாட்டி வீட்டில் தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள்.